பால் பண்ணையில் சீனியர் படம் எடுப்பது எப்படி? கறவை நேரத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் 12ஆம் வகுப்புப் பிள்ளையை 'சீனியர்' என்பார்கள். பள்ளியை விட்டுப் போகும் அந்த ஆண்டில் தனியாகப் படம் எடுத்துக்கொள்வது அங்கே நன்றாக வேரூன்றிய வழக்கம். ஒரு படம் பள்ளி ஆண்டு மலருக்குப் போகும். மற்றவை பட்டமளிப்பு விருந்து அழைப்பிதழுக்கும் தாத்தா பாட்டி வீட்டுச் சுவருக்கும் போகும். விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா பக்கத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு ஸ்டுடியோ திரை முன்னால் நிற்பதில் விருப்பமில்லை. தான் வளர்த்த கிடேரியோடும் தாத்தா ஓட்டிய டிராக்டரோடும் நிற்கத்தான் ஆசை.

இந்த வழிகாட்டி விஸ்கான்சினின் நடுத்தரப் பால் பண்ணை ஒன்றை மனத்தில் வைத்து எழுதியது. கறவை மாடுகள், கன்றுகள், மக்காச்சோளம், சோயா, தீவனத்துக்குக் குதிரைமசால் என்று எல்லாம் இருக்கும் பண்ணை. படப்பிடிப்புக்கென்றே பெயின்ட் அடித்து வாடகைக்கு விடும் 'பண்ணைகள்' வேறு. அங்கே நீங்கள் வாடிக்கையாளர். வேலை நடக்கும் பண்ணையில் உங்களுக்காக எதுவும் நிற்காது. கறவை நிற்காது, அறுவடை நிற்காது, பால் லாரி காத்திருக்காது. இங்கே கெட்டுப்போகும் படப்பிடிப்புகளில் பெரும்பாலானவை கேமராவால் கெடுவதில்லை, நேரத்தால்தான் கெடுகின்றன.

முதல் வேலை: தேதி

பள்ளி ஆண்டு மலருக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள் எது என்று முதலில் கேளுங்கள். பல பள்ளிகளில் அது இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். கூடவே விதிமுறையையும் கேட்டு வாங்குங்கள். செங்குத்துப் படமா, தலையும் தோளும் மட்டுமா, தொப்பி கூடுமா, பின்னணி வெறுமையாக இருக்க வேண்டுமா, எத்தனை பிக்ஸல் என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். மாட்டோடு எடுத்த அருமையான படத்தை ஆண்டு மலர்க் குழு திருப்பி அனுப்பிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். அதனால் விதிமுறைக்குள் அடங்கும் ஒரு படத்தைப் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே எடுத்து முடித்துவிட வேண்டும்.

அடுத்து, வயலின் நாட்காட்டி. குதிரைமசாலின் முதல் வெட்டு பொதுவாக மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். அதன்பின் ஏறக்குறைய மாதத்துக்கொரு வெட்டு. வெட்டு நாளில் வீட்டில் யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. மழைக்கு முன் உலர்த்தி எடுத்தாக வேண்டும். ஜூலை நடுவில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி, கடைசி வாரங்களில் பூத்து நிற்கும். பார்க்க அழகு, ஆனால் மகரந்தம் கழுத்தில் அரிக்கும், இலை விளிம்பு வெறும் கையைக் கீறும். செப்டம்பரில் சோயா இலை மஞ்சளாகும். அந்த மஞ்சள் சில நாட்கள்தான், பிறகு இலை உதிர்ந்து வெறும் பழுப்புத் தண்டு நிற்கும். அதே மாதம் மக்காச்சோளத்தைப் பச்சையாக நறுக்கிச் சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் மூடி நொதிக்க வைக்கும் தீவனத்துக்கு, அள்ளும் வேலையும் நடக்கும். அக்டோபரில் சோளத்தட்டை காய்ந்து பொன்னிறமாகிவிடும். நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளை ஒட்டி, ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டைக் காலம் வரும். அந்த நாட்களில் காட்டோரம், வயலோரம் எங்கும் படம் எடுக்கப் போகாதீர்கள்.

பால் பண்ணைப் பிள்ளைக்கு இவற்றில் எது சிறந்த வாரம் என்று கேட்டால், மாவட்டக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் என்பதே எங்கள் தேர்வு. பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பிராணிகளை நடுவர் முன் காட்டும் இந்தக் கண்காட்சிகள் விஸ்கான்சினில் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். கண்காட்சிக்குப் போகும் கிடேரியை அப்போது குளிப்பாட்டி, முடி கத்தரித்து, கயிற்றில் நடக்கப் பழக்கி வைத்திருப்பார்கள். வேறு எந்த மாதத்திலும் அந்த மாடு அவ்வளவு சுத்தமாகவும் அடக்கமாகவும் இருக்காது. இறைச்சிக்கென வளர்த்த எருதோ பன்றியோ ஆட்டுக்குட்டியோ என்றால் இன்னொரு காரணமும் உண்டு. கண்காட்சி முடிவில் அவற்றை விற்றுவிடுவார்கள், பெரும்பாலும் வீடு திரும்பாது. ஓராண்டு வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பிராணியோடு படம் வேண்டுமென்றால் அதற்கு முன் எடுத்தால்தான் உண்டு. இதைக் குடும்பத்திடம் நீங்களாகவே கேளுங்கள். கேட்கத் தோன்றாமல் பின்னால் வருந்தும் வீடுகள் உண்டு.

தானியம் மட்டும் விளைவிக்கும் வீடு என்றால் செப்டம்பர் பின்பாதிக்குப் போங்கள். அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி விஸ்கான்சின் தலைநகர் மாடிசனில் உலகப் பால் பண்ணைக் கண்காட்சி நடக்கும். மாடு காட்டும் குடும்பங்கள் அந்த வாரம் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

நாளின் நேரம்: கறவையும் அந்தி வெளிச்சமும்

எல்லாப் புகைப்பட நூலும் சூரியன் மறையும் முன் ஒரு மணி நேரத்தைத்தான் சொல்லும். மாடிசன் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் இரவு 8.40 வாக்கில் மறையும். அக்டோபர் நடுவில் 6.15க்கே மறைந்துவிடும். நாளுக்கு இருமுறை கறக்கும் பண்ணையில் மாலைக் கறவை நான்கு, ஐந்து மணிக்குத் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். ஆகவே ஜூன், ஜூலையில் கறவை முடிந்த பிறகும் நல்ல வெளிச்சம் மிச்சமிருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அந்தி வெளிச்சமும் கறவையும் நேருக்கு நேர் மோதும். அப்போது மூன்று வழிகள் உண்டு. காலைக் கறவை முடிந்த கையோடு, பனிமூட்டம் கலையும் முன் எடுக்கலாம். அன்று ஒருநாள் பிள்ளையின் கறவை முறையை வேறொருவர் ஏற்கிறாரா என்று பெற்றோரைக் கேட்கலாம். அல்லது கறவையையே படமாக்கலாம். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. ரப்பர் பூட்ஸும் கையுறையுமாகக் கறவைக் கூடத்தில் நிற்கும் படம்தான் பல வீடுகளில் கடைசியில் சட்டமிட்டு மாட்டப்படும் படம்.

பெரிய பண்ணைகளில் நாளுக்கு மூன்று முறை கறப்பார்கள். எத்தனை முறை, எத்தனை மணிக்கு, பால் லாரி எப்போது வரும் என்பதைக் கேட்ட பிறகே நேரம் குறியுங்கள்.

ஒரு வாரம் முன்பு: பண்ணையைச் சுற்றி வாருங்கள்

படம் எடுக்கப்போகும் அதே மணிக்குப் போங்கள். பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் கூட வர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கைபேசியில் ஒரு படம், சூரியன் எந்தப் பக்கம் என்ற குறிப்பு, இந்த இரண்டும் போதும். கேட்க வேண்டியவை:

- இந்த வயல் யாருடையது? வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் நிலமாக இருக்கலாம், குத்தகை நிலமாகவும் இருக்கலாம்.
- கடந்த சில நாட்களில் மருந்து தெளித்தீர்களா? ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பின் வயலுக்குள் நுழையக் கூடாத நேரம் லேபிளில் அச்சிட்டிருக்கும். மருந்தைப் பொறுத்து அது சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம்.
- எந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறது? சுவிட்ச் எங்கே?
- காளை இருக்கிறதா, எந்த அடைப்பில்?
- சாணிக்குழியைக் கலக்கும் வேலை அந்த வாரம் உண்டா?

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். பண்ணை வேறொருவருடையது என்றால் அவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில பண்ணையார்கள் உங்கள் காப்பீட்டுச் சான்றைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். டிரோன் பறக்கவிட்டுக் காசு வாங்குவதாக இருந்தால் அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 107ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. சான்றிதழ் இருந்தாலும் மாட்டு மந்தைக்கு மேலே பறக்கவிடாதீர்கள், வேலியை உடைத்துக்கொண்டு ஓடும்.

போகக் கூடாத இடங்கள்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம். பண்ணைப் பிள்ளைகள் இவற்றோடு வளர்ந்தவர்கள், அதனாலேயே பயம் தணிந்திருக்கும். "இங்கே ஏறி நிற்கட்டுமா?" என்று அவர்களே கேட்பார்கள். மறுக்க வேண்டியவர் நீங்கள்.

தானியக் குதிருக்குள்ளும் தானிய வண்டிக்குள்ளும் இறங்கிப் படம் எடுக்கவே கூடாது. அடியில் தானியம் வெளியேறத் தொடங்கினால் சில நொடிகளில் முழங்கால் புதைந்துவிடும், அதற்குமேல் தானாக ஏறி வர முடியாது. சைலேஜ் நிரப்பிய செங்குத்துக் கோபுரத்தில் நொதித்தலால் நைட்ரஜன் டை-ஆக்சைடு என்ற நச்சு வாயு உருவாகும். நிரப்பிய முதல் மூன்று வாரம் அதன் உள்ளேயும் அடியில் உள்ள அறையிலும் கால் வைக்காதீர்கள். தரையில் குவித்து மூடிய சைலேஜ் மேட்டின் வெட்டுமுகம் அழகான கோடுகளோடு தெரியும், பலரும் அதன் முன்னால் ஆளை நிறுத்த ஆசைப்படுவார்கள். அந்தச் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியும். அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் நில்லுங்கள். சாணிக்குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அன்று படப்பிடிப்பைத் தள்ளிவைப்பதுதான் வழி.

உருளை வைக்கோல் கட்டு ஒவ்வொன்றும் 400 முதல் 700 கிலோ வரை இருக்கும். சரிவில் உருண்டால் நிறுத்த ஆளில்லை. அதன் மேல் ஏற்றாதீர்கள், கீழ்ச்சரிவுப் பக்கம் நிறுத்தாதீர்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய கட்டு என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். குதிகால் செருப்போ கேமரா ஸ்டாண்டின் காலோ குத்தி ஓட்டை விழுந்தால் காற்றுப் புகுந்து உள்ளே இருக்கும் தீவனம் பூஞ்சை பிடித்துவிடும். உட்கார வைக்க 20, 25 கிலோ எடையுள்ள சின்னச் சதுரக் கட்டுகள் மூன்று போதும். மேலே ஒரு போர்வையைப் போடுங்கள், வைக்கோல் நுனி பாவாடையைத் துளைக்கும்.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கடத்தும் சுழல்தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று ஓடுவது. நொடிக்கு ஒன்பது சுற்று. தாவணி நுனியோ விரித்த கூந்தலோ பட்டால் கையை எடுக்க நேரமிருக்காது. எஞ்சின் ஓடும் எந்த இயந்திரத்தின் அருகிலும் படம் வேண்டாம்.

இன்னொன்று, வயலோரப் பள்ளங்களில் ஜூன், ஜூலையில் குடை விரித்தாற்போல மஞ்சள் பூ பூக்கும் காட்டுப் பார்ஸ்னிப். அந்தப் பூக்களுக்கு நடுவே நிற்க வைத்தால் படம் அள்ளும். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் ஓரிரு நாளில் தீக்காயம் போலக் கொப்புளம் வரும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மஞ்சள் குடைப்பூ கண்டால் விலகுங்கள். புல்வெளியில் உண்ணி உண்டு, அதில் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். கணுக்காலில் உண்ணி விரட்டும் மருந்து தடவி, வீடு திரும்பியதும் எல்லோரும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்தைத் தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும்.

ரயில் தண்டவாளத்தில் நிற்க வைத்து எடுப்பது அத்துமீறல் குற்றம். தானியக் கிடங்கை ஒட்டிய பக்கத் தடமும் அதில் சேர்த்தி.

நோய் உங்கள் பூட்ஸில் வரும்

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக உறுதியானது. அதற்குப் பிறகு பண்ணையார்கள் வெளியாட்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை. ஒரே நாளில் இரண்டு பண்ணைகளுக்குப் போகாதீர்கள். துவைத்த உடை, கழுவிய ரப்பர் பூட்ஸ். முதலில் தூரிகையும் சோப்பும் போட்டுச் சாணத்தை முழுதாக நீக்கிவிட்டுத்தான் கிருமிநாசினி. சாணம் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது, பலர் தவறுவது இங்கேதான். ஸ்டாண்டின் கால்களையும் அதே போலக் கழுவ வேண்டும். கோழி, பன்றிப் பண்ணைகள் பலவற்றில் கொட்டகைக்குள் விடவே மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள், அந்தப் பிராணியை வெளியே கொண்டுவர முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

உடை, சுத்தத்திலிருந்து அழுக்குக்கு

மூன்று உடை போதும். முதலில் ஆண்டு மலருக்கான நல்ல உடை, அடுத்து எஃப்.எஃப்.ஏ. நீலச் சட்டை, கடைசியில் வேலை உடை. வரிசையை மாற்றினால் சாணக் கறையோடு நல்ல உடைக்குள் போக வேண்டியிருக்கும். பாலியஸ்டர் துணியில் நிலைமின்சாரத்தால் உமி ஒட்டிக்கொள்ளும், பருத்தியும் டெனிமும் மேல். நெருக்கமான சின்னக் கட்டம் போட்ட சட்டை படத்தில் அலையலையாய்த் தெரியும். பச்சைச் சட்டையோடு பச்சைச் சோளத்துக்குள் நின்றால் உடம்பு காணாமல் போகும். வேலை பூட்ஸைப் புதிதாக வாங்க விடாதீர்கள். சாணத்தைக் கழுவினால் போதும், தேய்ந்த மூக்கும் மடிப்பும் அப்படியே இருக்கட்டும்.

எஃப்.எஃப்.ஏ. என்பது 1928இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய வேளாண் மாணவர் அமைப்பு. அதன் நீலக் கார்டுராய் சட்டை 1933இலிருந்து சீருடை. பண்ணைப் பிள்ளைக்கு அது சாதாரணச் சட்டை அல்ல, முறைகள் உண்டு. ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றியிருக்க வேண்டும். பெயர் வலப்பக்கம், சின்னம் இடப்பக்கம், பெயருக்குக் கீழே பதக்கம் மூன்றுக்கு மேல் கூடாது. உறுப்பினரல்லாத தம்பி தங்கைக்கு அதைப் போட்டு எடுக்காதீர்கள். முதுகில் சின்னத்தோடு மாநிலப் பெயரும் கிளைப் பெயரும் தைத்திருக்கும், அதனால் பின்பக்கம் தெரிய ஒரு படம் கட்டாயம் எடுங்கள். அடர்நீலக் கார்டுராய் நேர் வெளிச்சத்தில் கறுப்பாகச் செத்துத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால்தான் வரிகள் எழும்பும். ஒட்டுப்பட்டை உருளை கையில் இருக்கட்டும், மாட்டு முடி அதில் ஒட்டாமல் இருக்காது.

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையோ சேலையோ உடுத்திப் பண்ணையில் எடுக்க விரும்பினால் வெட்டிய புல்தரையிலும் கொட்டகை வாசலிலும் நிறுத்துங்கள். வைக்கோலும் முள்விதையும் சரிகையை இழுத்துவிடும். கன்றுக்குட்டி முந்தானையைச் சப்பாமல் விடாது.

கருவி

85 மி.மீ. லென்ஸ் ஒன்று, 70-200 ஒன்று, இடத்தைக் காட்ட 35 ஒன்று. இரண்டு கேமரா இருந்தால் லென்ஸை மாற்றவே வேண்டாம், அறுவடைத் தூசியில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசி உட்காரும். வெள்ளித் துணி ரிஃப்ளெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படாரென்று விரியும் அந்தச் சத்தத்துக்கு மாடும் குதிரையும் மிரளும். வெள்ளை நுரை அட்டை ஒன்று போதும், அதையும் மாட்டுக்குக் காட்டி மோந்துபார்க்க விட்டபின் தூக்குங்கள். ஜூலைப் புழுக்கத்தில் குளிர்பதனக் காரிலிருந்து எடுத்த லென்ஸ் உடனே பனிக்கும். மூடிய பையோடு அரை மணி முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள்.

ஆள் மட்டும் என்றால் ஷட்டர் 1/250, லென்ஸ் துளை எஃப் 2.8. மாடு சேர்ந்தால் 1/500, எஃப் 5.6. காரணம் கணக்கில் இருக்கிறது. முழுச்சட்டக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் திறந்து பத்தடி தூரத்தில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் அரையடிதான். மாட்டின் முகமே அதைவிட நீளம். பிள்ளையின் கண் தெளிவாகவும் மாட்டின் மூக்கு மங்கலாகவும் வரும். எஃப் 5.6இல் அந்த ஆழம் ஒன்றேகால் அடிக்கு மேல் கிடைக்கும்.

அந்த நாள்

ஒன்றரை மணி நேரம் போதும், அதற்குமேல் பிள்ளையும் சோரும், மாடும் சோரும். முதல் 15 நிமிடம் ஆண்டு மலர்ப் படம், கொட்டகையின் நிழற்பக்கம். அடுத்த அரை மணி மாடு. அதன்பின் இயந்திரம், வயல். சூரியன் அடிவானம் தொடும்போது வேலை உடையில் நடந்து போகும் படங்கள். மாட்டைக் கடைசிக்கு வைத்தால் தீவன நேரம் வந்து கத்தத் தொடங்கும்.

கொட்டகையைப் பொறுத்தவரை, வாசலிலிருந்து மூன்று, நாலடி உள்ளே பிள்ளையை வெளிப்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். வானத்து வெளிச்சம் முகத்தில் மெல்ல விழும், பின்னால் இருட்டு. உள்விளக்கை அணைத்துவிடுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 120 முறை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்துக்குப் படம் நிறம் மாறும். நடைபாதையில் தூவிய வெள்ளைச் சுண்ணாம்பு இருந்தால் அதுவே நல்ல ரிஃப்ளெக்டர், கண்ணுக்குக் கீழ் நிழலை நிரப்பிவிடும்.

சிவப்புக் கொட்டகைச் சுவரில் சாய்த்து எடுத்தால் தாடையில் சிவப்பு ஏறும். சோளத்தின் நடுவில் பச்சை ஏறும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கும். சுவரிலிருந்து ஆறேழு அடி முன்னால் கொண்டுவந்து, சாம்பல் அட்டையால் ஒயிட் பேலன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். சோளத்தில் வயலுக்குள்ளே நுழைய வேண்டியதில்லை. ஓரத்து வரிசைக்கு முன்னால் நின்றாலே போதும், பயிரும் மிதிபடாது.

மாட்டோடு

கயிற்றில் நடக்கப் பழகிய மாடு மட்டும். பிள்ளை மாட்டின் இடப்பக்கம் நிற்க வேண்டும், மாடு பழகியது அப்படித்தான். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றியிருந்தால் மாடு இழுக்கும்போது விரல் போய்விடும். நைலான் முகக்கயிறைவிடத் தோல் முகக்கயிறு படத்துக்கு அழகு, கண்காட்சிக்கென்று வீட்டில் வைத்திருப்பார்கள். வால்பக்கமாகவோ கண்ணுக்குத் தெரியாத நேர் பின்னாலோ போகாதீர்கள். தோளுக்கு நேராகப் பேசிக்கொண்டே நெருங்குங்கள். மாட்டை எப்படிக் கால்வைத்து நிறுத்துவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு நடுவர் முன் நிறுத்திய பழக்கம் இருக்கும், "கண்காட்சியில் நிறுத்துவது போல நிறுத்துப்பா" என்றால் போதும். அந்த நொடியில் பிள்ளையின் தோளும் தானாக நிமிரும். எந்தப் போஸும் அதற்கு ஈடாகாது.

அகலக்கோண லென்ஸில் மாட்டின் மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும். பத்து, பதினைந்தடி தள்ளி நின்று 85க்கு மேல் வையுங்கள். மாட்டின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஹோல்ஸ்டீன் மாட்டின் வெள்ளைத் திட்டு வெயிலில் வெளிறிவிடும், ஹிஸ்டோகிராமை, அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தை, பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்து, முகத்தின் வெளிச்சத்தைப் பின்னர் எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

காது முன்னால் திரும்பாத மாடு தூங்கிவழிவது போல இருக்கும். உங்களுக்குப் பின்னால் உதவியாளர் ஒருவர் தீவனத் தட்டைக் குலுக்கலாம், கைபேசியில் கன்று கத்தும் ஒலியை ஓட்டலாம். ஒவ்வொரு தந்திரமும் மூன்று நான்கு முறைதான் பலிக்கும். அதனால் சட்டகம், வெளிச்சம், பிள்ளையின் முகம் எல்லாம் தயாரான பிறகே குலுக்கச் சொல்லுங்கள். ஈ மருந்தை அரை மணி முன்னதாகப் பெற்றோர் அடித்துவிட்டால் வாலும் தலையும் அடங்கும்.

மேய்ச்சலில் அவிழ்த்துவிட்ட கிடேரிகள் பொல்லாத ஆவல் கொண்டவை. வேலிக்கு வெளியே பிள்ளை அசையாமல் பத்து நிமிடம் நின்றால் கூட்டமாக வந்து மோந்து பார்க்கும். நீங்களும் வெளியிலேயே நின்று நீள லென்ஸில் எடுங்கள். மின்வேலியைப் பண்ணையார்தான் அணைக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் போட நினைவூட்டுங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவது பண்ணையின் சட்டம். காளை இருக்கும் அடைப்பும் கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவும் வேண்டவே வேண்டாம். நாயைக் கூட்டிப் போனால் தாய்ப்பசு நாயைத் துரத்தும், நாய் உங்களிடம் ஓடி வரும்.

கன்றுக்குட்டிகளோடு எடுப்பது எளிது, முகமும் மலரும். விரலைச் சப்ப விட்டால் அசையாது நிற்கும். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கன்றின் கழிச்சலில் மனிதரைத் தாக்கும் கிருமிகள் உண்டு. பன்றியைப் போஸ் கொடுக்க வைக்க முடியாது, மூக்கைத் தரையில் வைத்து நடந்துகொண்டே இருக்கும். ஒரு மார்ஷ்மெல்லோவைக் காட்டித் தலையை உயர்த்த வையுங்கள்.

இயந்திரத்தோடு

எந்த டிராக்டர் என்று கேளுங்கள். பளபளக்கும் புதியதைவிட, தாத்தா வாங்கிய ஃபார்மால் எம், அப்பா ஓட்டக் கற்ற ஜான் டியர் 4020 போன்றவற்றுக்குத்தான் வீட்டில் மதிப்பு. 4020 உற்பத்தி 1972லேயே நின்றது, இன்னும் பல பண்ணைகளில் ஓடுகிறது. எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, பின்னால் மாட்டிய கருவியைத் தரையில் இறக்கி, சாவி பெற்றோர் பையில். அறுவடை இயந்திரத்தின் முன்தலையும் அப்படியே தரையில் இருக்க வேண்டும். டிராக்டரின் முன்னால் தூக்கி நிறுத்திய அள்ளுவாளியில் உட்கார வைப்பது கூடாது.

பெரிய சக்கரத்தை ஒட்டி நிறுத்தினால் பிள்ளை குழந்தை போலச் சிறுத்துத் தெரியும். ஏழெட்டு அடி முன்னால் கொண்டுவந்து, இயந்திரத்தைப் பின்னால் மங்க விடுங்கள். கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதை எடுக்கும்போது கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கும், போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் முகம் தெளியும். அறுவடை நாளில் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். டீசல் நிரப்பும் நேரம், சாப்பாட்டு நேரம் எது என்று கேட்டு அந்தப் பத்து நிமிடத்தைப் பிடியுங்கள். அந்தித் தூசி பின்னாலிருந்து ஒளிரும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

எடிட்டிங்கும் ஒப்படைப்பும்

பரு, முகத்தில் உட்கார்ந்த ஈ, உதட்டோர உமி ஆகியவற்றை நீக்குங்கள். கையில் இருக்கும் பழைய தழும்பு, நகக்கண் அழுக்கு, மாட்டின் காதுத் தோடு எண் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அந்த எண்ணால்தான் வீட்டில் அந்த மாட்டைக் கூப்பிடுவார்கள். தொடையில் ஒட்டிய சாணத்தைப் படத்தில் அழிப்பதைவிட எடுப்பதற்கு முன் தூரிகையால் தேய்ப்பது பத்து மடங்கு எளிது.

ஆண்டு மலர்ப் படத்தைப் பள்ளி சொன்ன அளவில் வெட்டி, பள்ளி கேட்ட பெயர் முறையில் கோப்புக்குப் பெயரிட்டு, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன் அனுப்புங்கள். மற்றவை ஐம்பது அறுபது போதும். அவற்றில் மாட்டின் படம் இருக்குமானால், கண்காட்சி விற்பனை நாளுக்கு முன் ஒன்றையாவது எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.